ஆறில ஒண்டு

ஜூலை 7, 2025, திங்கள்

விடிய அஞ்சு மணிக்குப் படலையடியில இறங்கினன். அம்மா பின்வளவுக் கொட்டிலுக்குள்ள இருந்து வாறா. தங்கச்சிட கல்யாணம் ஆவணியிலதான், அதுக்குள்ள அம்மி, உரல், சாமிப்படம் எல்லாம் அங்கால போயிற்று. "தங்கச்சிட வீட்டுக்குள்ள எனக்கென்ன மனே வேல?"

வீட்ட தங்கச்சிக்குச் சீதனமாக் குடுக்கிற உறுதி இன்னும் எழுதல்ல.

எனக்குப் பாய் வழமைபோல விறாந்தையில.

ஜூலை 8

பின் அறைக்கு டைல்ஸ் பதிச்சு முடிஞ்சுது. வெறுங்காலோட நடந்து பாத்தன்.

ஜூலை 10, வியாழன்

உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போனம். உறுதி அப்பாட பேர்ல கிடக்கு. மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை வீடு அம்மம்மா அம்மாக்குக் குடுத்த சீதனம். 2004 மார்கழி 26இல கடல் கொண்டுபோக அத்திவாரம்தான் மிச்சம். கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டப்படாதெண்டு, உள்ளுக்குக் காணி வாங்கி வீடு கட்டித் தந்தாங்க. படிவத்தில குடும்பத் தலைவர் எண்டு ஒரு கோடு. அப்பா கையெழுத்து வச்சாரு. அம்மாட வீடு அப்பாட வீடானது அப்படித்தான். அண்டைக்கு ஆரும் யோசிக்கல்ல, கூரை கிடைச்சதே பெரிசு.

அப்பா இப்ப இல்ல, மரணசாசனமும் எழுதல்ல. "பாதி அம்மாக்கு. மத்தப் பாதி மூண்டு புள்ளைக்கும் சமன். தம்பி, உங்களுக்கு ஆறில ஒண்டு."

அப்ப எங்கட ஊர் வழமை? நொத்தாரிசு சிரிச்சாரு. முக்குவச் சட்டமெல்லாம் 1876 கட்டளைச் சட்டத்தோட முடிஞ்சுதாம். அது இருந்திருந்தா ஆம்பிளட முதுசம் சகோதரிட மகனுக்குத்தானாம். அப்பாட சகோதரிட மகன் ஆரு? மாப்பிள! வீடு வழிவழியா வந்த முதுசமில்ல, பிறகு சேர்ந்த தேட்டம், அது தெரியும். எண்டாலும் ஓட்டோவில வரக்குள்ள அதே யோசினதான்.

ஜூலை 11

ஆறில ஒண்டு.

ஜூலை 13, ஞாயிறு

மாமி பலகாரத்தோட வந்தா. "எண்ட தம்பிட குடி திரும்ப இந்த வீட்டுக்குள்ள வருது" எண்டு அழுதா. உண்மதான். குடி எங்களுக்குத் தாய்வழியாத்தான் வரும். அப்பா எங்களுக்காகத் தேய்ஞ்ச மனிசன், ஆனா கோயில்ல குடி கேட்டா அவர்ர தாய்வீட்டுக் குடியத்தான் சொல்லுவாரு. நாங்க அம்மாட குடி. எனக்குப் புள்ள பொறந்தா அது எண்ட குடியில்ல.

எனக்கு 34. கட்டாரில உழைச்சது அக்காட வீட்டுக்கு முதல் 4 வருசம், இதுக்கு 5. நான் கல்யாணம் கட்டினாலும் போய் இருக்கப்போறது இன்னொரு அண்ணன்காரன் கட்டின வீட்டிலதான். அவனும் ஏதோ ஒரு பாலைவனத்தில நிப்பான்.

ஜூலை 15

அக்காட பிறப்புச் சான்றிதழில ஒரெழுத்து பிழையாம். சத்தியக்கடதாசி வேணுமாம். ஆடி பிறக்க முந்தி எழுதோணும் எண்டு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறா.

ஜூலை 17

ஆடி பிறந்திற்று.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாரும் கோயிலுக்குப் போன நேரம் வீட்ட அளந்தன். 550 சதுர அடி. என்ட பங்கு 90 சொச்சம். பின் அறை கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

கட்டாரில எங்கட அறையில ஆறு பேர். அங்கயும் ஆறில ஒண்டு.

தங்கச்சி முன்னுக்கு வந்திற்றாள். என்னண்ணா அளக்கிறாய்? திரைச்சீலைக்கு எண்டன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கக் கோயில்ல கால் வைக்க இடமில்ல. ஐயர் மூண்டு தலைமுறை கேட்டாரு. அப்பா, அப்பப்பா சொன்னன். அதுக்கு முந்தினவர்ர பேர் வாயில வரல்ல. அம்மம்மாட அம்மாட பேரக் கேட்டிருந்தா டக்கெண்டு சொல்லியிருப்பன். குளத்தில மூழ்கி எழும்பக்குள்ள அப்பாட்ட ஏதோ கேக்க நினைச்சன், பின்னால நிண்டவன் தள்ளிற்றான்.

வந்து காத்தோட்டிங்காய்ப் பொரியலோட சாப்பாடு. இந்தமுற கைப்பு கூட. அப்பாக்கு விருப்பமெண்டு அம்மா ரெண்டாந்தரமும் போட்டா.

ஜூலை 25, வெள்ளி

கடதாசியெல்லாம் சரியாம். நாளைக்கு 9 மணிக்கு வரட்டாம். ஞாயிறு எனக்குப் பிளைட். ஆடியில எழுதுறதா எண்டு அம்மா முணுமுணுக்கிறா. "கையெழுத்துக்கு ஆடியென்ன ஆவணியென்ன" எண்டாரு அத்தான். இந்த வீட்டு விசயத்தில அவர் வாய் திறந்தது இண்டைக்குத்தான்.

இரவு தங்கச்சி கொப்பியும் பேனையுமா விறாந்தைக்கு வந்தாள்.

"அண்ணா, பின் அறைத் திரைச்சீல அளவு எத்தின?"