பதக்கத்துக்கு அப்புறம் வர்ற பணம்

சென்னையில ஒரு கம்பெனியோட பிராண்ட் டீம்ல கொஞ்ச வருஷம் இருந்தேன், அப்புறம் அங்கேயே சிஎஸ்ஆர், அதாவது கம்பெனியோட சமூகப் பொறுப்பு செலவுகளப் பாக்கற பக்கம் மாத்திட்டாங்க. ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே மாடிதான், ஆனா ஒரு வீரரோ வீராங்கனையோ உதவி கேட்டு வந்துட்டா அவங்கள யார் கிட்ட அனுப்பறதுன்னு பெரிய பஞ்சாயத்தே நடக்கும், ஏன்னா அந்தப் பணமும் இந்தப் பணமும் வேற வேற.

2013 கம்பெனி சட்டப்படி சிஎஸ்ஆர் வரம்புக்குள்ள வர்ற கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2% சமூகக் காரியத்துக்கு செலவு பண்ணனும். அதுல எதெல்லாம் சேரும்னு ஒரு அட்டவணை இருக்கு, ஒலிம்பிக் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அதுல உண்டு. வெளிநாட்டுல பண்ற செலவு சேராது, ஆனா நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடறவங்களோட பயிற்சின்னா அதுக்கு மட்டும் விலக்கு குடுத்துருக்காங்க, யாரோ யோசிச்சு எழுதியிருக்காங்கன்னு தோணும். ஆனா நம்ம பொருள விக்கறதுக்காக குடுக்கற ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது. அது மார்க்கெட்டிங் பட்ஜெட்லருந்துதான் வரணும், அங்க கேக்கற மொத கேள்வி "இன்ஸ்டால ஃபாலோயர்ஸ் எவ்ளோ?"

மாரியப்பன் தங்கவேலுவ எடுத்துக்கோங்க. சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி, அம்மா காய்கறி வித்து வளத்தாங்க. 2016 ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கினாரு, தமிழ்நாடு அரசு 2 கோடி அறிவிச்சுச்சு, அதுக்கப்புறம்தான் எங்க ஆபீஸ் மாதிரி ஆபீஸ்ல எல்லாம் அந்தப் பேர் அடிபட ஆரம்பிச்சது. டோக்கியோல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம், தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ஸ்ல பதக்கம்னா சும்மாவா. ஆனா முதல் தங்கத்துக்கு முன்னாடி நம்ம மாதிரி ஆளுங்க எங்க இருந்தோம்னு கேட்டா பதில் இல்ல.

பாரிஸ் 2024ல ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்ஸ்ல 29. ரியோலயும் ஒலிம்பிக்ஸ்ல 2, பாராலிம்பிக்ஸ்ல 4. நம்ம டிவி விளம்பரத்த பாத்தா இந்தக் கணக்கு அப்படியே தலைகீழா இருக்கும். பாரா வீரர்களப் பத்தி மீட்டிங்ல பேசினா எங்காளுங்க மாட்டிக்கற இடம் கிளாஸ்தான், அதாவது குறைபாட்டப் பொறுத்து வீரர்கள பிரிக்கற பிரிவு. துளசிமதியும் மனீஷாவும் ஆடறது எஸ்யூ5, கையில குறைபாடு உள்ளவங்க பிரிவு, நித்யஸ்ரீ ஆடறது எஸ்ஹெச்6, உயரம் குறைவானவங்க பிரிவு. மூணு பேருமே பாரிஸ்ல பேட்மிண்டன்ல பதக்கம் வாங்கினவங்க, நம்ம ஊர்ப் பொண்ணுங்க. இத சொல்லி முடிச்சதும் ஒருத்தர் கேட்டாரு, "இதுல எது பெரிய கேட்டகிரி?" என்னத்த சொல்ல!

டோக்கியோல வட்டு எறிதல் வீரர் வினோத் குமாருக்கு எஃப்52ங்கற கிளாஸ்ல கிடைச்ச வெண்கலம், கிளாஸ் பிரச்சனையால கையவிட்டுப் போச்சு. அதப் பாத்துட்டு எங்க லீகல் டீம் கிளாஸ் மாறினா பணத்த திருப்பித் தரணும்னு ஒரு ஷரத்து போட்டாங்க. கிளாஸ முடிவு பண்றது அதிகாரிங்க, வீரர் இல்ல, அவர் கிட்ட போய் பணத்தக் கேட்டா என்ன நியாயம்?

ஓசில புகழ் தேடறதும் நடக்கும். 2021ல சிந்து வெண்கலம் வாங்கினதும் அவங்களுக்கு ஒரு பைசா குடுக்காத பிராண்டுங்க எல்லாம் அவங்க போட்டோவோட தன் லோகோவையும் ஒட்டி வாழ்த்து போட்டுச்சுங்க, அவங்க மேனேஜ்மென்ட் கம்பெனி கேஸ் போடுவோம்னு எறங்கினதுக்கு அப்புறம்தான் பல பேருக்கு இது தப்புன்னே தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் ஒலிம்பிக் சாசனத்துல விதி 40னு ஒண்ணு, போட்டி நடக்கற நாட்கள்ல வீரர வச்சு யார் யார் விளம்பரம் பண்ணலாம்னு கட்டுப்பாடு, 2019ல கொஞ்சம் தளர்த்தினாங்க, இருந்தாலும் வருஷக்கணக்கா கூட நின்ன சின்ன ஸ்பான்சர்தான் அந்த நேரம் பாத்து அடக்கி வாசிக்கணும்.

சிஎஸ்ஆர் பணம் சுத்தமானதுதான், ஆனா அதுக்கு மார்ச் 31 தவிர வேற தேதி தெரியாது. பெரும்பாலும் பதிவு பண்ண அறக்கட்டளை மூலமாதான் போகும், பேப்பர் வேலை முடியறதுக்குள்ள சீசன் பாதி ஓடிரும். ஒரு கோச் போன்ல என்னைப் போட்டு காய்ச்சி எடுத்துட்டாரு, "சார், பெரிய செக்கு வச்சு போட்டோ எல்லாம் அப்புறம் எடுக்கலாம், மொதல்ல ஒரு பிசியோவுக்கு மாச சம்பளம் குடுங்க, பையன் தோள்பட்டை போயிட்டா நீங்க யாருக்கு சார் ஸ்பான்சர் பண்ணுவீங்க?" அவர் கேட்டதுதான் சரி. பதக்க வாய்ப்பு இருக்கறவங்களுக்கான மத்திய அரசோட டாப்ஸ் திட்டத்துல கோர் லிஸ்ட்ல, அதாவது முதன்மைப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு மாசம் 50,000 கைச்செலவுக்கு வருது, நம்ம தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எஸ்டிஏடிலயும் திட்டங்கள் இருக்கு. அந்த லிஸ்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி இருக்கற வருஷங்களுக்குத்தான் கம்பெனி பணம் தேவை, அந்த வருஷங்கள்லதான் அது வர்றதும் இல்ல.

இப்ப லாஸ் ஏஞ்சலீஸ் 2028க்கு ஒப்பந்தம் பேசிட்டு இருக்கோம். காயம் பட்டாலும் ஆறு மாசம் முழுப் பணமும் நிக்காம போகணும்னு நான் எழுதி அனுப்புவேன், லீகல் அடிச்சுட்டு திருப்பி அனுப்புவாங்க, நான் மறுபடி எழுதுவேன். போன வாரம் பாதிப் பணத்துக்கு எறங்கி வந்துருக்காங்க.