கழுத்தோரத்துக்கு ஒரு தவளைவாய்: மியூனிக் தையல் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துப் பெண்கள் போடும் டிர்ண்டல் உடையின் மேல்பாகம் நேற்று ராத்திரி ஒருவழியாக முடிந்தது. கரும்பச்சை லினன், சதுரக் கழுத்து, முன்பக்கம் கொக்கி, வெட்டு ஓரங்களில் மெல்லிசாகப் பைப்பிங். இதற்குள்ளே பஃப் கை வைத்த வெள்ளை பிளவுஸ், கீழே சுருக்கு வைத்த பாவாடை, அதன்மேல் இடுப்பில் கட்டும் ஏப்ரன். இங்கே நடக்கும் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் உடைதான். படங்களில் கண்ணில் படாதது கழுத்தோரத்து வேலை, அதாவது துணிப் பட்டையை மடித்து மடித்து அங்கே தைக்கும் ஃப்ரில். நல்ல டிர்ண்டலா சுமாரானதா என்று தையல் தெரிந்த பெண்கள் இங்கே முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அந்த ஃப்ரில் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. இன்று போய்ப் பார்த்தேன். பாலியெஸ்டர் ரிப்பன், மெஷினில் மடித்து நடுவில் ஒரு தையல். மடிப்பெல்லாம் ஒரே அளவு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் படுத்தே கிடக்கிறது. நிறமும் என் ஏப்ரன் துணியோடு சேரவில்லை. இரண்டுமே ஊதாதான், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. கையால் செய்வதில் உள்ள பெரிய வசதி இதுதான்: ஏப்ரன் துணியிலேயே பட்டை வெட்டி மடித்துக்கொள்ளலாம். நிறம் சேருமா என்ற பேச்சே கிடையாது.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். "இதுக்கா ட்ராம் ஏறிப் போனே?" என்றார் இவர்.

ஜூன் 17, செவ்வாய்

மாலைத் தையல் வகுப்பு. டீச்சருக்கு எழுபது தாண்டியிருக்கும். டேகர்ன்ஸே ஏரிப் பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயதிலேயே தையல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பேசுவது பவேரிய வழக்கு. பாதி புரியும், மீதியைக் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதிரிகளை அட்டையில் தைத்து வைத்திருக்கிறார். முதலில் சிப்பி ஃப்ரில். பட்டையின் மேல் மேலும் கீழுமாக, கோணல் கோணலாக நூலோட்டம் போட்டு இழுத்தால் இரண்டு ஓரமும் சிப்பி சிப்பியாக எழும்பும். செய்வது சுலபம், மெல்லிய காட்டனுக்கு அழகாக வரும். அடுத்தது இதய வடிவில் வருவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அது கொஞ்சம் கேக் அலங்காரம் மாதிரிப் பட்டது. மூன்றாவது ஃப்ரோஷ்கோஷெர்ல், தவளைவாய். பார்த்த உடனே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கணக்கு எளிது. தவளைவாய்க்கு அடிப்படை பாக்ஸ் ப்ளீட், இரண்டு பக்கமும் உள்ளே மடிந்த மடிப்பு. அது முன்பக்கம் 1.5 சென்டிமீட்டர் தெரிந்தால் அதன் அடியில் இரண்டு மடங்கு துணி மறைந்திருக்கும். ஆகக் கழுத்தளவைப் போல மூன்று பங்கு நீளம் வேண்டும். என் கழுத்தோரம் சுற்றி 74 சென்டிமீட்டர், பட்டை 222 வேண்டும், முனை மடிக்கக் கொஞ்சம் கூடுதல். அகலம் 4 சென்டிமீட்டர் வெட்டினால் இரண்டு ஓரமும் பின்னால் மடிந்து நடுவில் சந்திக்கும், 2 சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். துணி அகலம் 140 என்பதால் இரண்டு பட்டை போதும். மொத்தம் 8 சென்டிமீட்டர் துணிதான் செலவு. மிச்சமெல்லாம் நேரம்.

ஜூன் 24, செவ்வாய்

டீச்சர் இன்று என் நிறங்களைப் பார்த்துச் சிரித்தார். பச்சை மேல்பாகம், ஊதா ஏப்ரன். பாவாடைக்கு ரோஸ் நிறத் துணி எடுத்து வைத்திருந்தேன். அதையும் சேர்த்தால் ஆஸ்திரியாவில் பாட் ஔஸே பகுதியின் டிர்ண்டல் ஆகிவிடுமாம். அங்கே பச்சை, ரோஸ், ஊதா என்பது ஊருக்கே அடையாளமான சேர்க்கை. "போட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் எந்த ஊர் என்று கேட்பார்கள்" என்றார்.

டிர்ண்டலுக்கும் ட்ராக்ட் என்கிற உடைக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ட்ராக்ட் ஊருக்கு உரியது. நிறம், தொப்பி, தாவணி கட்டும் விதம், வெள்ளிச் சங்கிலி எல்லாம் இன்னது என்று அந்தந்த ஊர்ச் சங்கம் வரையறுத்து வைத்திருக்கும். இப்படிப்பட்ட சங்கங்களில் முதலாவது 1883இல் பைரிஷ்செல் கிராமத்தில் தொடங்கியது, தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். டிர்ண்டலுக்கு அந்தக் கட்டு கிடையாது, மனம்போலத் தைக்கலாம். என்னைப் போன்ற வெளியூர்க்காரிக்கு அதுதான் தோது.

ரோஸ் துணியை மகளின் பாவாடைக்கு ஒதுக்கிவிட்டேன். எனக்கு நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பிளௌட்ருக் துணி. மரக்கட்டை அச்சில் ஒரு பசையைத் தொட்டு வெள்ளைத் துணியில் பதித்து, காய்ந்ததும் அவுரித் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். பசை மூடிய இடம் மட்டும் வெள்ளையாகவே தங்கிவிடும். இந்தக் கைவேலையை ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஐந்தும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் 2018இல் சேர்க்க வைத்தன. ஐரோப்பாவில் முன்பு வேறொரு செடியில்தான் நீலம் எடுத்தார்கள். நம் பக்கத்து அவுரி கப்பலேறி வந்த பிறகு அது எடுபடாமல் போனது. இதை நான் சொன்னதும் டீச்சர் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஜூலை 2, புதன்

வெயில் கொளுத்துகிறது. ஏப்ரனுக்கு எடுத்த டஃபேட்டா, மொடமொடப்பான துணி, கையில் ஒட்டுகிறது. பட்டைகளை வெட்டி இஸ்திரி போட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முழுக்க மடிப்பு. டஃபேட்டாவின் குணம், மடித்தால் மடிந்தபடி நிற்கும். ஆனால் வெட்டிய ஓரத்தில் இழை இழையாகப் பிரியவும் செய்யும். ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டி ஓரத்தை மடிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. பழைய உடைகளில் அப்படி நிறைய இருக்கிறதாம். நான் மடித்ததையே வைத்துக்கொண்டேன்.

இரண்டு பட்டைகளையும் ஒட்டும் இடத்தை மடிப்பின் அடியில் போகிற மாதிரி பார்த்துக்கொண்டால் மேலே தையல் தெரியாது. ப்ளீட் வைத்து, குண்டூசி குத்தி, நடுவில் நீளவாக்கில் மெஷின் தையல் ஒன்று. இதுவரைக்கும் கடையில் பார்த்த அதே ரிப்பன்தான்.

வித்தியாசம் இதற்கு அப்புறம். ஒவ்வொரு மடிப்பிலும் மேல் ஓரத்தின் நடுவை ஊசியால் ஒரு இழை எடுத்து, கீழ் ஓரத்தின் நடுவையும் எடுத்து, இரண்டையும் நடுத் தையல் மேல் ஒன்றாக இழுத்து இரண்டு தையல். அவ்வளவுதான். அதுவரை தட்டையாகக் கிடந்த மடிப்பு இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கிறது. நூலைப் பின்பக்கமாகவே அடுத்த மடிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ரொம்ப இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், தளர்த்தினால் தொங்கும். பூ கட்டும்போது நூலை எவ்வளவு இறுக்குவது என்று விரல்தானே முடிவு செய்கிறது, இதுவும் அப்படித்தான்.

மொத்தம் ஏறக்குறைய ஐம்பது வாய். அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இத்தனையும் கையாலயா? அதுக்குத்தான் மெஷின் வாங்கினியா?" என்று கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மூலை. சதுரக் கழுத்தில் முன்னால் இரண்டு மூலை வரும். ஃப்ரில்லை நேராக வைத்துத் தைப்பது பெரிய காரியமில்லை. மூலையில் திரும்பும்போதுதான் கைவேலையின் லட்சணம் தெரியும்.

வழி இரண்டு. ஒன்று, மூலைக்குச் சரியாக ஒரு மடிப்பு வருகிற மாதிரி இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டு, அந்த மடிப்பைச் சாய்வாகத் திருப்புவது. இன்னொன்று, இரண்டு மடிப்புக்கு இடைப்பட்ட இடம் மூலையில் விழும்படி வைத்து அங்கே வளைப்பது. டீச்சருக்கு முதலாவதுதான் பிடிக்கும். மூலையில் ஒரு முழு வாய் உட்கார்ந்திருந்தால் கண் அங்கே நிற்கும் என்கிறார். எனக்கும் சரியென்றே பட்டது. ஆனால் அதற்கு மூலையிலிருந்து தொடங்கித்தான் மடிப்பை எண்ண வேண்டும், தோளிலிருந்து அல்ல. மிச்சம் வரும் மில்லிமீட்டர்களைத் தோள் பக்கம் தள்ளிவிடலாம், அங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கழுத்துக்குக் கீழே நடுவில் ஒரு மடிப்பு அரை மில்லி கூடினாலும் தெரிகிறது.

உடையில் தைக்கும்போது நடுத் தையல் மேலேயே கையால் ஒளித்தையல். ஓரங்களைத் தொடக்கூடாது, அவை எழுந்து நிற்பதற்குத்தான் இத்தனை பாடும்.

ஜூலை 26, சனி

ஔவர் டுல்ட் இன்று தொடங்கியது. மாரியாஹில்ஃப் தேவாலயத்தைச் சுற்றி வருடத்துக்கு மூன்று முறை கூடும் சந்தை. இது கோடைக்கால டுல்ட். பீங்கான் பாத்திரம் தெருத்தெருவாகக் கிடக்கும், அப்புறம் பழைய சாமான். மகள் ராட்டினத்துக்குப் போனாள், நான் பழைய சாமான் பக்கம் ஒதுங்கினேன்.

ஒரு கடையில் தையல் பெட்டி, அதற்குள் கிழிந்த மேல்பாகம் ஒன்று. துணி வெளுத்துவிட்டது, அக்குளில் சாயம் இறங்கியிருக்கிறது. கழுத்தோரத்து ஃப்ரில் மட்டும் இன்னும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நூல் இரண்டு நிறம். பாதியில் தீர்ந்து, கையில் கிடைத்த நூலில் தொடர்ந்திருக்கிறார் யாரோ. முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன விலை அதிகம், வாங்கவில்லை. வெள்ளிநிறக் கொக்கி நாலைந்து வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை. தையலை வைத்துவிட்டுப் படிப்பு.

இந்த உடையை நூற்றாண்டு நூற்றாண்டாக மாறாமல் வந்த கிராமத்துச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். கிராமத்துப் பெண்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் போட்ட உடைதான் மூலம். அதை நகரத்துக் கடைக்குக் கொண்டுவந்து நாகரிக உடையாக்கியதில் மியூனிக்கின் வாலாக் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு. ஜூலியஸ், மோரிட்ஸ் இருவரும் யூதர்கள், பவேரியாக்காரர்கள்கூட அல்ல, வடக்கே வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து வந்தவர்கள். 1900இல் கடை திறந்தார்கள். 1910இல் அக்டோபர்ஃபெஸ்ட்டின் நூறாவது ஆண்டு ஊர்வலத்துக்கு உடை கொடுத்ததில் பெயர் பெற்றார்கள். அடுத்து பக்கத்து ஊரான டாகௌவில் மரக்கட்டை அச்சுத் துணிப் பட்டறை. 1938இல் கடையை விற்க வைத்தார்கள் நாஜிகள். ஜூலியஸும் மோரிட்ஸும் அமெரிக்காவுக்குத் தப்பினார்கள். அச்சுப் பட்டறையைக் கவனித்த சகோதரர் மாக்ஸ் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அதே 1938இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் யூதர்கள் டிர்ண்டல், தோல் கால்சட்டை போன்ற உடைகளைப் போடக்கூடாது என்று போலீஸ் உத்தரவே வந்தது.

"உங்களுக்கு எதுக்கு எங்க உடை?" என்று ஒரு முறை ரயிலில் ஒருவர் என்னைக் கேட்டார். அப்போது பதில் வரவில்லை. இனி யாராவது கேட்டால் வாலாக் கதையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு விழா, விடுமுறை. பக்கத்துத் தேவாலயத்தில் பெண்கள் மூலிகைக் கட்டு கொண்டுவந்து மந்திரித்து வாங்கிப் போகிறார்கள். பாதிப் பேர் டிர்ண்டலில். மரியாதையாகத் தள்ளி நின்று எல்லோருடைய கழுத்தோரத்தையும் நோட்டம் விட்டேன். கடை ரிப்பன்தான் அதிகம். ஒரு பாட்டி மட்டும் கறுப்பு உடையில் கறுப்பிலேயே தவளைவாய், மூலையில் முழு மடிப்பு. கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் நிழலில்தான் தெரிந்தது. அடுத்தது செய்தால் இப்படித்தான், உடையின் துணியிலேயே.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஏப்ரன் முடிந்தது. இடுப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக நூலோட்ட வரிசைகள், எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் அகலத் துணி கையகலத்துக்குச் சுருங்கும். வரிசைகளின் புள்ளிகள் நேருக்கு நேர் இருந்தால் மடிப்புகள் குழல் குழலாக நிற்கும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று முடியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊர்வலம். பாரம்பரிய உடைகளில் நடக்கும் இது 1835இல் பவேரிய அரசர் லுட்விக்கின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்காக முதலில் நடந்தது. 1950இலிருந்து ஒவ்வொரு வருடமும் அக்டோபர்ஃபெஸ்ட்டின் முதல் ஞாயிறில். காலையிலேயே போய் ஓரமாக இடம் பிடித்தோம். மகளுக்குக் குதிரைகள் மேல் கண். எனக்கு வேறு எங்கே.

என் டிர்ண்டலை இன்றுதான் முழுசாகக் கட்டிக்கொண்டேன். ஏப்ரன் முடிச்சு வலப்பக்கம், கல்யாணமானவள் என்று அர்த்தமாம். இது எவ்வளவு பழைய வழக்கம் என்று டீச்சரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள் என் கழுத்தோரத்தைக் குனிந்து பார்த்து, ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கி, "ஹாண்டார்பைட்!" என்றார், கைவேலை என்று. கேட்காமல் தொட்டதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இவருடைய ஆபீஸ் தோழி ஒருத்தி போட்டோ பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு மீட்டர் தைத்துத் தர முடியுமா, பணம் தருகிறேன் என்று கேட்கிறாள். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரில் விலை அவள் உடை விலையைத் தாண்டுகிறது. குறைத்துச் சொன்னால் டீச்சர் மாதிரி இதிலேயே பிழைத்தவர்களுக்கு நான் செய்யும் துரோகம். தைத்துத் தரமாட்டேன், சொல்லித் தருகிறேன், உன் ஏப்ரன் துணியில் மிச்சம் 12 சென்டிமீட்டர் இருந்தால் கொண்டு வா என்றேன். ஞாயிறு மதியம் வருகிறாளாம், தங்கையையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. கீழ்வீட்டில் இன்னொன்று கேட்டு வைக்க வேண்டும்.