இறங்கும்போது சொல்லும் நன்றி

மெல்பர்னில் பேருந்திலிருந்து இறங்குபவர்கள், பின்வாசல் வழியாக இறங்கினாலும், ஓட்டுநருக்குக் கேட்கும்படி உரக்க நன்றி சொல்லிவிட்டுப் போவதை முதல் வாரத்தில் வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டாம் மாதத்தில் என்னையறியாமலே அப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தேன். வாடகைக் காரில் தனியாகச் செல்பவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமரும் பழைய வழக்கமும், மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பதும் இதே சமத்துவ உணர்வின் வெளிப்பாடுகள். பின்னதற்குத்தான் என் நாக்கு நெடுநாள் இணங்கவில்லை. விருந்தழைப்பில் ‘ஒரு தட்டு கொண்டுவாருங்கள்’ என்றிருந்தால், தட்டு நிறைய உணவு என்று பொருள் (வெறுந்தட்டோடு போய் நின்றவன் நான்). மதுக்கூடத்தில் ‘ஷவுட்’ என்பது கூச்சலன்று. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் முறைவைத்து அனைவருக்கும் வாங்கித் தருவது. எலுமிச்சைச் சோடா மட்டுமே குடிக்கும் நானும் என் முறை வந்ததும் எழுந்துவிடுகிறேன், ஏனெனில் முறை வருமுன் நழுவுகிறவரைப் பற்றி அங்கே யாரும் நல்லவிதமாகப் பேசுவதில்லை.