தொண்டையை விட்டு இறக்கைக்கு வந்தேன்

சான் டியாகோவில் எங்கள் கொல்லையில் ஹம்மிங்பேர்டுகளுக்கு ஃபீடர் மாட்டி ஏழு மாதம் ஆகிறது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், சாயம் கிடையாது.

இங்கே வருவது அன்னா, காஸ்டா, பிளாக்-சின்ட் என்று மூன்று இனம். அவற்றின் ஆண் பறவைகளைப் பிரித்தறிவது சீக்கிரம் கைவந்தது. அன்னாவுக்குத் தலையும் தொண்டையும் ரோஜாச் சிவப்பு. காஸ்டாவுக்கு ஊதா, இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீண்டு தொங்கும். பிளாக்-சின்ட்டுக்குக் கறுப்புத் தாடைக்குக் கீழே மெல்லிய ஊதாப் பட்டை. ஆனால் இது சாயநிறம் இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. பறவை லேசாகத் திரும்பினாலே மூன்று தொண்டையும் கறுப்புதான்.

பெண்களிடம்தான் திணறினேன். எல்லாம் பச்சை முதுகு, வெளுத்த வயிறு. தொண்டை நடுவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அன்னா என்று எழுதினேன். இல்லாவிட்டாலும், இங்கே வருஷம் முழுக்க இருப்பது அதுதானே என்று அன்னா என்றே எழுதினேன். மே மாதக் குறிப்பு முழுக்க அப்படித்தான்.

ஜூனில் முறையை மாற்றினேன். பறக்கும்போது எடுப்பதை விட்டு, கிளையில் பக்கவாட்டாக உட்காரும் வரை காத்திருந்து படம் எடுத்தேன். அன்னாவுக்கு மடித்த இறக்கையைத் தாண்டி வால் நீளும். காஸ்டாவுக்கு வால் குட்டை. இறக்கை நுனி அதைத் தொடும், சிலசமயம் தாண்டும். பிளாக்-சின்ட்டின் அலகு நீளம், நுனி சற்றே கீழ்நோக்கி வளையும். அதைவிட உறுதியான அடையாளம் இறக்கையின் ஓர இறகு: அகலமாக, வளைந்து, நுனி மழுங்கி இருக்கும். உள் இறகுகளோ ஒடுக்கம். அன்னாவிலும் காஸ்டாவிலும் எல்லா இறகும் ஏறக்குறைய ஒரே அகலம். இதை முதன்முதலில் திரையில் பெரிதாக்கிப் பார்த்த மத்தியானம் மே மாதப் படங்கள் அத்தனையையும் மறுபடி திறந்தேன். நான் அன்னா என்று எழுதிய ஐந்து பறவைகள் பிளாக்-சின்ட்.

படமே வேண்டாத அடையாளமும் ஒன்று உண்டு. பிளாக்-சின்ட் அந்தரத்தில் நின்று குடிக்கும்போது வாலை ஓயாமல் ஆட்டும். அன்னா பெரும்பாலும் அசைக்காமல் வைத்திருக்கும்.

ஆகஸ்டில் இறகு உதிர்த்துக்கொண்டிருந்த ஒன்றிடம் இறக்கை–வால் கணக்கு செல்லவில்லை. வால் பாதிதான் முளைத்திருந்தது. அன்னாவும் காஸ்டாவும் கலந்த கலப்பினங்களும் இங்கே உண்டு என்பதால் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பரோடு பிளாக்-சின்ட் வரத்து நின்றுவிட்டது. எனக்கு இன்னும் காஸ்டா பெண்ணின் தெளிவான பக்கவாட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரியில் ஆன்சா-பொரேகோ பாலைவனத்தில் சுப்பரோசா செடிகள் செக்கச்செவேலென்று பூத்திருக்கும்போது போய் உட்காரப்போகிறேன்.