தூக்கிடலாம்க்கா

9 ஜூன் 2025, திங்கள்

இன்று பத்திரப்பதிவு அலுவலகம் வரை போய்விட்டுப் பதியாமலே திரும்பி வந்தேன். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டையும் கொல்லையையும் தம்பியும் நானும் பிரித்துக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம், பதினொன்றரைக்கு டோக்கன். பத்திர எழுத்தர் எல்லாம் தயாராக வைத்திருந்தார், சாட்சிகள் இரண்டு பேரும் டீ குடித்து முடித்திருந்தார்கள். அலுவலகம் மாடியில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை. பத்தொன்பது படி. எங்கே போனாலும் முதலில் படியை எண்ணுவது என் வழக்கம்.

போலியோ வந்தபோது எனக்கு ஒன்றரை வயது, இப்போது நாற்பத்துமூன்று. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுகிறேன், பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் சக்கர நாற்காலி.

படிக்கட்டின் கீழே நின்ற பையன்தான் சொன்னான். "தூக்கிடலாம்க்கா, நாலு பேரு இருக்கோம்." நல்ல பையன், மனசார சொன்னான், அதுதான் தொல்லையே. கெட்டவனிடம் சண்டை போடலாம், இவனிடம் என்ன சொல்வது. 2016-ல் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடிப் பந்திக்கு இப்படித்தான் தூக்கினார்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி, கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, முன்பின் தெரியாத ஒருவர் என் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தார், புடவைத் தலைப்பு எங்கோ போயிற்று, எனக்கு நேர் கீழே பாதிப் படியில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை, அந்தக் கைதான் நினைவில் இருக்கிறது. "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

12 ஜூன், வியாழன்

எழுத்தர் போன் செய்தார். வழி இருக்கிறதாம், 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறதாம், தனிக் கட்டணம் கட்டினால் அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவார். எடுத்துப் படித்துப் பார்த்தேன், பிரிவு 38. உடல் நலிவால் வர முடியாதவர், சிறையில் இருப்பவர், நீதிமன்றத்துக்கு நேரில் வர வேண்டாமென்று சட்டப்படி விலக்கு உள்ளவர், இவர்கள் நேரில் ஆஜராக வேண்டியதில்லை. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வந்தேனே? வாசல் வரைக்கும் என் வண்டியில் நானே ஓட்டிக்கொண்டு வந்தேனே? வர முடியாதது என் உடம்பால் இல்லை, அந்தப் படியால்.

தம்பிக்கு எரிச்சல். "ஒரு மணி நேர வேலைக்கா, ஏன் இழுக்குற?" அவனுக்கு வீட்டுக் கடன் நிற்கிறது, அவன் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

பதிவு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். கடையில் ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவள், என் சொந்த மனுவுக்கு நாலு தாள் கிழித்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 45: ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் நாங்கள் புழங்குகிற மாதிரி மாற்ற வேண்டும். விதிகள் வெளியானது 15 ஜூன் 2017. தேதியை அடிக்கும்போதுதான் கவனித்தேன், இன்றோடு சரியாக எட்டு வருஷம். கெடு முடிந்தே மூன்று வருஷம் ஆயிற்று.

24 ஜூன், செவ்வாய்

எழுத்தில் பதில் வரவில்லை, போனில் வந்தது. வாடகைக் கட்டடம், எங்கள் கையில் இல்லை. அதோடு, "அதெல்லாம் வழிகாட்டுதல்தாங்க, கட்டாயமில்ல" என்றார் பேசியவர்.

இந்த இடத்தில் அவரை முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. விதிகளே பல இடத்தில் 'செய்தால் நல்லது' என்ற தொனியில்தான் எழுதப்பட்டிருந்தன. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் போன நவம்பர் 8-ம் தேதி வந்த தீர்ப்பு இதைத்தான் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி 15(1) அதை யோசனையாக நீர்த்துவிட்டது, எனவே அந்த விதி சட்டத்துக்கு முரண், கட்டாயமானவற்றைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் விதி செய்யுங்கள் என்றார்கள். வழக்குப் போட்டு பத்தொன்பது வருஷம். படிக்கு ஒரு வருஷம் என்று வைத்தாலும் அந்த அலுவலக மாடிக்குக் கணக்குச் சரியாக வருகிறது! தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து, மனுவோடு இன்னொரு நகல் அனுப்பினேன். பிரின்ட் செலவு மட்டும் நமக்கு மிச்சம்.

29 ஜூன், ஞாயிறு

தம்பி மகள் பழைய போட்டோக்களை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் மெரினாவில் எடுத்தது ஒன்று. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் எங்களுக்கென்று மரப்பலகைப் பாதை போட்டார்கள் அல்லவா, 2022 நவம்பரில் திறந்தது, திறந்த இரண்டாவது வாரமே மாண்டஸ் புயலில் கடல் பக்க முனை உடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு போனேன். பலகைமேல் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், அந்தச் சத்தம் இப்போதும் பிடிக்கும். கடைசிப் பலகையிலிருந்து தண்ணீர் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான். உப்புக்காற்று முகத்தில் அடித்தது, அம்மா பின்னால் நின்று ஒன்றும் பேசவில்லை.

"அத்த, யாரு தூக்கிட்டுப் போனா?" என்று கேட்டாள் குட்டி. "யாரும் இல்ல, நானே உருட்டிக்கிட்டுப் போனேன்" என்றேன்.

1 ஜூலை, செவ்வாய்

உள்ளாட்சி நியமன உறுப்பினர் விண்ணப்பம் இன்று தொடங்கியது. ஏப்ரலில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்களே, அதுதான். தேர்தல் கிடையாது, மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிப்பார்கள், கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர். எங்கள் பேரூராட்சிக்கு ஒருவர். காலையிலிருந்து கடையில் ஆறு பேருக்குப் படிவம் எடுத்துக் கொடுத்தேன். ஏழாவது எனக்கு.

"நீ மெம்பர் ஆகி என்ன பண்ணுவ?" என்றாள் அம்மா. டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்கும் இலவசம், ஏறத்தான் முடியாது. ஊரில் கழிவறை கட்டும்போது கதவு எவ்வளவு அகலம் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா. சென்னையில் தாழ்தளப் பேருந்து வந்திருக்கிறது, அதுவும் கேட்டுக் கேட்டு, நீதிமன்றம் வரைக்கும் போய் வந்ததுதான்.

3 ஜூலை, வியாழன்

பதிந்தாயிற்று. சார்பதிவாளர் அம்மா அவராகவே கீழே இறங்கி வந்தார். லேப்டாப், கேமரா, கைரேகைக் கருவி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிரேயில். டீக்கடைக்காரர் பெஞ்சும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொடுத்தார். போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தேன், பின்னால் போண்டா சட்டியும் படத்தில் விழுகிறது என்று இரண்டாவது தடவை எடுத்தார்கள்.

ரேகைதான் விழவில்லை. சக்கர வளையத்தைத் தள்ளித் தள்ளி என் கட்டைவிரல் வழவழவென்று ஆகிவிட்டது, ஆதாருக்கும் இதே பாடுதான். தலைப்பில் துடைத்து, ஊதி, நாலாவது அழுத்தலில் பச்சை விளக்கு. இதற்குள் முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேர், ஒரு பாட்டியும் ஒரு பெரியவரும், "எங்களுக்கும் இங்கயே முடிச்சு விட்டுடும்மா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அங்கேயே நடந்தது.

எனக்கு நன்றியும் இருந்தது, கோபமும் போகவில்லை. நடுத்தெருவில், சொத்து மதிப்பு உட்பட ஊருக்கே கேட்கும்படி. அதை அவரிடமே சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. கீழ்த்தளத்தில் ஓர் அறை கேட்டு மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். நகல் கேட்டேன், தருகிறேன் என்றார்.

10 ஜூலை, வியாழன்

பேரூராட்சி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனோம். இங்கே சரிவுப் பாதை இருக்கிறது. அதன்மேல் ஒரு பைக் நின்றது. சொந்தக்காரர் வந்து எடுக்கும் வரை தம்பியை அளக்கச் சொன்னேன், டேப் என் பையில் எப்போதும் கிடக்கும். மூன்று படி, மொத்த உயரம் 48 சென்டிமீட்டர். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு, 5 மீட்டர் 76 நீளம் வேண்டும். இருந்தது 1 மீட்டர் 60. அதிலும் பளபளவென்று டைல்ஸ். யாரோ படிக்குமேல் பலகை சாத்திய மாதிரி கட்டிவிட்டு, 'ஆயிற்று' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின, தம்பி பின்னாலிருந்து நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். உள்ளே போய்ச் சேர்ந்ததும் அவனே சொன்னான், "இதுக்குப் படியே தேவலாம்க்கா." ஒரு மாசத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

பேரூராட்சி எழுத்தர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மன்றக் கூட்டம் மாடியிலதாங்க நடக்கும். உங்களால வர முடியுமா?"

"கூட்டத்தக் கீழ வச்சா வருவேன்" என்றேன்.

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒப்புகைச் சீட்டில் தேதி போடாமல் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தேன், போட்டுத் தந்தார்.