சம்பள நாளும் தசமபாகமும்

சிங்கப்பூரில் உங்கள் சம்பளம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் பங்காக, கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போனால் கைக்கு வருவது 3,200. கடவுளுக்கென்று கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 400ஆ, 320ஆ? எதுவானாலும் சம்பள நாளன்றே பிரித்துவையுங்கள். மாதக் கடைசியில் கொடுக்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது.

ஏழையின் பங்கைத்தான் பலர் மறக்கிறோம். வேதாகமத்தில் உபாகமம் 14:28-29 மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தை, ஆலயப் பணி செய்யும் லேவியனோடு, அந்நிய நாட்டிலிருந்து வந்து தங்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுக்கச் சொல்கிறது. இங்கே தங்குவிடுதியில் இருக்கும் நம் தமிழ்த் தொழிலாளியும் அந்தப் பரதேசிதானே! பொருளாசையை விக்கிரகாராதனை என்கிறது கொலோசெயர் 3:5. கொடுத்துப் பழகாமல் அது விடாது.

சபைக் காணிக்கைக்குப் பொதுவாக வரிக்கழிவு (வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) இல்லை. அதற்கான தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்கு அளிக்கும் ரொக்க நன்கொடைக்கு 2026 இறுதிவரை 250 விழுக்காடு கழிவு உண்டு. கொடுக்கும்போதே அடையாள அட்டை எண்ணைத் தாருங்கள். இல்லாவிட்டால் கழிவு உங்கள் வரிக் கணக்கில் சேராது.