அனுபவம்: முன்னால் ஒரு வரி

பள்ளிக்கூடம் முடிந்து மூன்றாவது வாரம். ஒரு புத்தகக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல்முறையாக சிவி எழுத உட்கார்ந்தேன். பெயர், போன் நம்பர், படிப்பு, மதிப்பெண். அடுத்து "அனுபவம்" என்று தட்டினேன். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். நான் நிரப்பியிருந்தது நாலு விரல் அகலம்கூட இல்லை.

எழுத்தைப் பெரிதாக்கினேன். நெட்டில் கிடைத்த ஒரு வரியை எடுத்து ஒட்டினேன்: "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் முன்னேற்றத்துக்குப் பங்களிக்க விரும்புகிறேன்." அக்காவிடம் காட்டினேன்.

"பேரை எடுத்துட்டா இது யாரோட சிவின்னு சொல்ல முடியுமாடி?"

பக்கத்தில் கலர் பட்டை போட்டு "கணினி 80%" என்று வேறு வைத்திருந்தேன். மிச்ச 20 என்ன தெரியாது என்றாள். பட்டையும் போயிற்று. போனது நல்லதுதான். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் சாஃப்ட்வேர் படிப்பது உண்டு. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட்டையும் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அது சில சமயம் குழப்பிக்கொள்ளும்.

"ஸ்கூல்ல உன் பொறுப்புல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. லைப்ரரில புக் அடுக்குவேன், அவ்வளவுதான்."

"அந்த அவ்வளவுதானை எழுது."

"நூலகப் பணியில் ஆர்வம் உண்டு" என்று எழுதினேன். ஆர்வத்தைக் கேட்கவில்லை, என்ன செய்தாய் என்றாள். "நூலகத்தில் உதவினேன்." எத்தனை நாள், எவ்வளவு? இப்படியே போலீஸ் விசாரணை மாதிரி கேட்டுக் கேட்டு, அரை மணி நேரம் கழித்து வந்தது இது:

"2 ஆண்டுகள், வெள்ளிதோறும், திரும்பி வந்த 40 முதல் 50 புத்தகங்களைப் பதிவேட்டில் வரவு வைத்து அடுக்கினேன். தவணை கடந்த 31 புத்தகங்களை வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு 27ஐத் திரும்ப வாங்கினேன்."

படித்துப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் யாரோ பெரிய ஆள் செய்த வேலை மாதிரி தெரிந்தது.

அதை மதிப்பெண்ணுக்கு மேலே ஏற்றினோம். பாட்டுப் போட்டிப் பரிசு கடைசிக்குப் போனது. எனக்கு மனசே இல்லை. லியோனார்டோ டா வின்சியே அப்படித்தான் செய்தாராம்: 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் பாலம், பீரங்கி, கவச வண்டி என்று அடுக்கிவிட்டு, ஓவியம் வரையவும் தெரியும் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். கேட்பவருக்கு வேண்டியது பீரங்கி. ஓவியமே பின்னால் போகும்போது என் பாட்டு எம்மாத்திரம்!

மற்றதெல்லாம் சில்லறை வேலை. எட்டாவது படிக்கும்போது தொடங்கிய மெயில் ஐடியில் பூனைக்குட்டி இருந்தது, புதிதாக ஒன்று தொடங்கினேன். நூலக ஆசிரியையிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் நம்பரைப் போட்டேன். ஃபைலுக்கு என் பெயரையே வைத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம். கீழே கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது, விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் மதிப்பெண் பக்கமே போகவில்லை. அந்த வரியில் விரலை வைத்தார்.

"31ல 27. மீதி நாலு என்னம்மா ஆச்சு?"

"ரெண்டு தொலைஞ்சுடுச்சு சார். ஒண்ணு, எடுத்த பையன் வேற ஸ்கூலுக்குப் போயிட்டான்."

"சரி, நாலாவது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"என்கிட்டதான் சார் இருக்கு. இன்னும் பத்துப் பக்கம் பாக்கி."